மூளை இரத்த நாளக் கோளாறும் வலிப்பு நோயும்



பல குடும்பங்கள் வெளியே சொல்லத் தயங்கும் ஒரு நோயைப் பற்றி இன்று நாம் பேசப் போகிறோம். அதுதான் வலிப்பு நோய். கால் கை வலிப்பு என்பதே மக்கள் வாயில் காக்காய் வலிப்பு என்று மருவியது என்பார்கள். காக்கைக்கும் இந்நோய்க்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. மலாய் மொழியில் இதற்கு வழங்கிய பழைய பெயர் 'கீலா பாபி', அதாவது பன்றிப் பைத்தியம். பெயரே இப்படி இருந்தால் நோயாளி எப்படித் தலைநிமிர்ந்து நடப்பார்? ஆசிய மொழிகளில் இந்நோய்க்கு வழங்கும் இத்தகைய பெயர்களையும் அவை தரும் இழிவையும் பற்றி மலாயாப் பல்கலைக்கழக நரம்பியல் மருத்துவர்கள் 2012ஆம் ஆண்டில் ஆராய்ந்து எழுதினார்கள்.

வலிப்பு என்பது ஒரே காரணத்தால் வருவதன்று. தலையில் பட்ட அடி, மூளைக் காய்ச்சல், பிறவிக் குறை, கட்டி எனக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்றை மட்டும் இன்று விரிவாகக் காண்போம். மூளையில் உள்ள இரத்த நாளங்களின் அமைப்பிலேயே கோளாறு இருந்து, அதனால் வலிப்பு உண்டாவதே அது.

ஜொகூர் மாநிலத்தின் மாசாயை எடுத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் இரப்பர் தோட்டங்கள் சூழ்ந்திருந்த ஊர் இது. அருகிலுள்ள பாசிர் கூடாங்கில் தொழிற்சாலைகள் எழுந்து, 1977இல் ஜொகூர்த் துறைமுகமும் இயங்கத் தொடங்கியபின், இவ்வட்டாரத்து மக்களின் வாழ்க்கை மாறியது. விடியற்காலையில் பால்மரம் சீவப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று இரவு ஷிப்டு முடித்து விடியற்காலையில் வீடு திரும்புகிறார்கள். சிலர் பொழுது விடியுமுன் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டுப் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள்.

இப்படிப்பட்ட குடும்பம் ஒன்றில் இருபத்து நான்கு வயது இளைஞர் ஒருவர் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். அவரைத் தம்பி என்றே அழைப்போம். தொடர்ந்து நான்கு இரவு வேலை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்த தம்பியின் இடது கை தானாகத் துடிக்கத் தொடங்குகிறது. துடிப்பு தோளுக்கு ஏறுகிறது. முகம் ஒரு பக்கம் இழுக்கிறது. பிறகு நினைவிழந்து கீழே விழுகிறார். அம்மா அலறிக்கொண்டு ஓடிவந்து சாவிக் கொத்தை அவர் கையில் திணிக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் பல்லுக்கிடையே கரண்டியை நுழைக்கப் பார்க்கிறார். இரண்டு நிமிடத்தில் வலிப்பு நிற்கிறது. சாவியால்தான் நின்றது என்று எல்லாரும் நம்புகிறார்கள்.

நேயர்களே, சாவியால் நிற்கவில்லை. பெரும்பாலான வலிப்புகள் ஒன்றிரண்டு நிமிடங்களில் தாமாகவே அடங்கும். அந்த நேரத்தில் கையில் எதைக் கொடுத்தாலும் அதுவே நிறுத்தியதாகத் தோன்றும். இரும்பு கொடுப்பதால் பயனில்லை. வாயில் கரண்டி நுழைப்பதாலோ தீங்கு உண்டு. பல் உடையும், உடைந்த பல் மூச்சுக்குழலை அடைக்கும். செய்ய வேண்டியவை எளியவை. அருகிலுள்ள கூர்மையான பொருள்களை அகற்றுங்கள். தலைக்கடியில் மடித்த துணியை வையுங்கள். கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள். துடிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயிலுள்ள எச்சில் வெளியே வழிந்துவிடும். கைகால்களை அமுக்கிப் பிடிக்க வேண்டாம். நினைவு முழுதும் திரும்பும்வரை தண்ணீரோ மருந்தோ புகட்ட வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்திற்கு மேல் நீடித்தாலும், நினைவு திரும்புமுன் அடுத்த வலிப்பு தொடங்கினாலும், முதல்முறையாக வந்த வலிப்பாக இருந்தாலும், உடனே 999 எண்ணை அழைக்க வேண்டும்.

தம்பியை மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள். ஜொகூர் பாருவிலுள்ள சுல்தானா அமினா மருத்துவமனையில் நரம்பியல் அறுவைச் சிகிச்சைப் பிரிவு உண்டு. அங்கே படம் எடுத்துப் பார்த்ததில் மூளையின் வலப்பக்கத்தில் இரத்த நாளக் கோளாறு ஒன்று தெரிகிறது. வலப்பக்க மூளை இடப்பக்க உடலை ஆள்வதால்தான் துடிப்பு இடது கையில் தொடங்கியது. துடிப்பு தொடங்கும் இடத்தைக் கொண்டு கோளாறு இருக்கும் இடத்தை ஊகிக்கலாம் என்பதைச் சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டிலேயே ஆங்கில மருத்துவர் ஹியூலிங்ஸ் ஜாக்சன் எடுத்துக்காட்டினார். ஆகவே வலிப்பு எந்த உறுப்பில் தொடங்கியது, முன்னதாக ஏதேனும் வாடையோ கூச்சமோ தோன்றியதா என்பவற்றைப் பார்த்தவர்கள் மருத்துவரிடம் சொல்வது பெரிய உதவி. கைப்பேசியில் படம் பிடித்துக் காட்டுவது அதனினும் நன்று.

கோளாறு என்றோமே, அது எத்தகையது?

நம் உடல் எடையில் மூளை ஐம்பதில் ஒரு பங்குதான். ஆனால் இதயம் அனுப்பும் இரத்தத்தில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து பங்கை அது பெற்றுக்கொள்கிறது. இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுவருபவை தமனிகள். திரும்பக் கொண்டுபோகிறவை சிரைகள். இரண்டுக்கும் நடுவே மயிரினும் மெல்லிய தந்துகிகள் இருக்கின்றன. வேகமாக வரும் இரத்தம் இத்தந்துகிகளில் பரவி, வேகம் தணிந்து, உயிர்வளியைக் கொடுத்துவிட்டு, அமைதியாகச் சிரைக்குள் போகிறது.

சிலருக்கு, மூளையின் ஓரிடத்தில் இந்தத் தந்துகிகள் அமைவதில்லை. தமனி நேரே சிரையோடு பின்னிக்கொள்கிறது. தாமானுக்கு வரும் பெரிய தண்ணீர்க் குழாயை, இடையில் எதுவுமின்றி, வீட்டுக் கழிவுநீர்க் குழாயோடு இணைத்துவிட்டால் என்ன ஆகும்? மெல்லிய குழாய் உப்பும். ஒருநாள் வெடிக்கவும் கூடும். தமனி-சிரைப் பின்னல் என்னும் இக்கோளாறிலும் அதுவே நேர்கிறது. இது இலட்சம் பேரில் ஏறத்தாழ பத்து முதல் பதினெட்டுப் பேருக்கு இருக்கலாம் என்று கணிக்கிறார்கள்.

இரண்டாவது வகை இதினும் சாதுவானது. கேவர்னோமா என்பது அதன் பெயர். மெல்லிய சுவருடைய சிறு சிறு பைகள் முசுக்கட்டைப் பழம்போல ஒன்றாகத் திரண்டிருக்கும். அவற்றுள் இரத்தம் ஏறத்தாழத் தேங்கி நிற்கும். இருநூறு பேரில் ஒருவருக்கு இது இருக்கக்கூடும். அவர்களுள் பெரும்பாலோர் அறியாமலேயே வாழ்ந்து முடிக்கிறார்கள். சில குடும்பங்களில் மட்டும் இது மரபு வழியாக வருகிறது. அப்போது ஒருவருக்கே பல திரள்கள் இருக்கும்.

மூன்றாவதாக ஒன்றையும் குறிப்பிட வேண்டும. பிறக்கும்போதே முகத்தின் ஒரு பக்கத்தில், குறிப்பாக நெற்றியிலும் கண்ணிமையிலும், அடர்ந்த சிவப்பு மச்சத்தோடு பிறக்கும் குழந்தைகளுள் சிலருக்கு அதே பக்கத்து மூளையின் மேற்பரப்பிலும் நாளக் கோளாறு இருக்கும். ஸ்டர்ஜ்-வெபர் நோய் என்பது இதுவே. இத்தகைய மச்சமுள்ள குழந்தையைக் குழந்தை மருத்துவரிடமும் கண் மருத்துவரிடமும் தொடக்கத்திலேயே காட்டுவது நலம்.

இரத்த நாளக் கோளாறு ஏன் வலிப்பை உண்டாக்க வேண்டும்? மூளையின் உயிரணுக்கள் ஒன்றோடொன்று மின்துடிப்புகளால் பேசிக்கொள்கின்றன. கேவர்னோமாவிலிருந்து துளித்துளியாக இரத்தம் கசியும்போது, அந்த இரத்தத்திலுள்ள இரும்புச் சத்து சுற்றியுள்ள மூளைத் திசுவில் துருப்போலப் படிகிறது. அந்தத் துருவின் அருகிலுள்ள உயிரணுக்கள் எரிச்சலடைந்து, கட்டுப்பாடின்றி ஒருசேர மின்துடிப்பை எழுப்புகின்றன. தமனி-சிரைப் பின்னலிலோ, இரத்தம் குறுக்கு வழியில் ஓடிவிடுவதால் பக்கத்துத் திசு பட்டினி கிடந்தும் தழும்பேறியும் அதே நிலையை அடைகிறது. தம்பியின் கையில் இரும்பைக் கொடுத்தார்களே, உண்மையில் அவர் தொல்லைக்கே காரணம் மூளையில் படிந்த இரும்பாக இருக்கக்கூடும்!

இக்கோளாறுகளைக் கண்டறிய இன்று நல்ல கருவிகள் உள்ளன. போர்ச்சுகல் நாட்டு எகாஸ் மோனிஸ் 1927இல் மூளைத் தமனிகளுக்குள் மருந்து செலுத்தி எக்ஸ்ரே படம் எடுத்துக் காட்டினார். 1971இல் இலண்டனில் முதல் நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. அதன்பின் வந்த எம்.ஆர்.ஐ. கருவி, இரும்புத் துரு படிந்த இடத்தைக் கரும்புள்ளியாகக் காட்டிவிடுகிறது. சி.டி. ஸ்கேனில் தப்பிவிடும் சிறு கேவர்னோமாவும் இதில் தெரியும். இ.இ.ஜி. என்பது மூளையின் மின்துடிப்பைப் பதியும் சோதனை. அது வலிப்பின் தன்மையைக் காட்டும். நாளக் கோளாற்றைக் காட்டாது. இ.இ.ஜி. சரியாக இருக்கிறது என்பதால் நோயே இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது.

இப்போது நாம் இந்தப் பேச்சின் மையத்துக்கு வருகிறோம். தம்பிக்கு நோய் இன்னது என்று தெரிந்தவுடன் குடும்பம் இரண்டாகப் பிரிகிறது. "உடனே தலையைத் திறந்து எடுத்துவிடுங்கள்" என்கிறார் மாமா. "மாத்திரை போட்டால் போதும், ஆறுமாதம் வலிப்பு வராவிட்டால் அதையும் நிறுத்திவிடலாம்" என்கிறார் பெரியம்மா. இருவர் சொல்வதிலும் பிழை இருக்கிறது. காரணம், இந்நோயில் இரண்டு கணக்குகள் உண்டு. வலிப்பு ஒரு கணக்கு. இரத்தக் கசிவு மற்றொரு கணக்கு. இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடக் கூடாது.

மாத்திரை வலிப்பைத்தான் அடக்கும். நாளக் கோளாற்றைக் கரைக்காது. ஆகவே வலிப்பு வராமல் இருப்பது நோய் போய்விட்டதற்கு அறிகுறியன்று. மாத்திரை வேலை செய்வதற்கு அறிகுறி. மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு முன்னைவிடக் கடுமையாகத் திரும்பலாம். ஓயாத வலிப்பாகி உயிருக்கே கேடு விளைவிக்கலாம். மறுபுறம், அறுவைச் சிகிச்சை எல்லார்க்கும் உடனே தேவைப்படுவதுமன்று.

முதற் கணக்கைப் பார்ப்போம். எல்லா வகை வலிப்பு நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்தால், முதல் மருந்திலேயே ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வலிப்பு நின்றுவிடுகிறது. உரிய சிகிச்சை பெற்றால் பத்தில் ஏழு பேர் வரை வலிப்பின்றி வாழ முடியும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் வலிப்பு நிற்காவிட்டால், அதனை மருந்துக்கு அடங்காத வலிப்பு என்பர். அப்போது காலம் கடத்தாமல் அறுவைச் சிகிச்சையைப் பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும்.

மருந்துகளில் எச்சரிக்கை தேவைப்படும் இடங்கள் இரண்டு. கார்பமசெபின் என்னும் மாத்திரை நெடுங்காலமாகப் பயன்படும் நல்ல மருந்து. ஆயினும், குறிப்பிட்ட ஒரு மரபுக்கூறு உடைய சிலருக்கு அது தோலையும் வாயையும் கொப்புளமாக்கி உரித்துவிடும் கடும் ஒவ்வாமையைத் தரும். இக்கூறு தென்கிழக்காசிய மக்களிடையே மிகுதி, இந்தியரிடையேயும் காணப்படுகிறது. இரத்தச் சோதனையால் முன்கூட்டியே இதனை அறியலாம். புதிய மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில் தோலில் தடிப்பு, வாய்ப்புண், காய்ச்சல் கண்டால் அன்றே மருத்துவரைக் காண வேண்டும். இரண்டாவது, வால்புரோயேட். கருவுற்ற காலத்தில் இதனை உட்கொண்ட தாய்மாரின் குழந்தைகளில் பத்தில் ஒன்றுக்குப் பிறவிக் குறை ஏற்படுவதாகக் கண்டிருக்கிறார்கள். ஆகவே திருமணமாகவிருக்கும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி, வேறு மருந்துக்கு மாற முடியுமா என்று கேட்க வேண்டும். கருவுற்றது தெரிந்தவுடன் அஞ்சித் தாமாகவே மாத்திரையை நிறுத்துவதோ தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து.

இரண்டாவது கணக்கு இரத்தக் கசிவு. தமனி-சிரைப் பின்னல் உள்ளவர்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பேர் அளவில் கசிவு நேர்கிறது. ஒருமுறை கசிந்தவர்க்கு மீண்டும் கசியும் வாய்ப்பு மிகுதி. இதுவரை கசியாத கேவர்னோமாவில் இந்த ஆபத்து இதனினும் மிகக் குறைவு. இதுவரை காணாத கடுந்தலைவலி திடீரென வந்தாலும், வாந்தி, மயக்கம், கைகால் தளர்ச்சி, பேச்சுக் குழறல் கண்டாலும், அதை வழக்கமான வலிப்பு என்று எண்ணி வீட்டில் காத்திருக்கக் கூடாது.

பின்னலை அகற்ற மூன்று வழிகள் உண்டு. மண்டையைத் திறந்து அதனை எடுத்துவிடுவது ஒன்று. தொடையிலுள்ள தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, பின்னலைப் பசைபோன்ற பொருளால் அடைப்பது மற்றொன்று. நுண்கதிர்களை எல்லாப் பக்கமிருந்தும் ஒரே புள்ளியில் குவிப்பது மூன்றாவது. சுவீடன் நாட்டின் லார்ஸ் லெக்செல் வகுத்த இம்முறை 1970இல் முதன்முதலாக ஒரு தமனி-சிரைப் பின்னலுக்குப் பயன்படுத்தப்பட்டது. கத்தியின்றி முடியும் சிகிச்சை இது. ஆனால் பின்னல் மூடுவதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். அதுவரை கசிவு அபாயம் நீடிக்கும்.

இதுவரை கசியாத பின்னலை இவ்வழிகளால் அகற்றுவது நல்லதா, விட்டுவைப்பது நல்லதா? இதனை அறிய ஒன்பது நாடுகளில் 223 நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. அதன் முடிவு 2014இல் வெளிவந்தது. ஏறத்தாழ மூன்றாண்டுக் காலத்தில், மருந்து மட்டும் பெற்றவர்களுள் பத்தில் ஒருவருக்குப் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது. பின்னலை அகற்றும் சிகிச்சை பெற்றவர்களிலோ அது பத்தில் மூவராக இருந்தது. இளவயதினர் இன்னும் பல பத்தாண்டுகள் வாழ வேண்டியவர்கள், அவர்களுக்கு மூன்றாண்டுக் கணக்கு போதாது என்று இந்த ஆய்வைக் குறை கூறிய மருத்துவர்களும் உளர். ஆகவே பின்னலின் அளவு, அது இருக்கும் இடம், நோயாளியின் வயது, முன்பு கசிந்ததா இல்லையா என்பவற்றையெல்லாம் எடைபோட்டு, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே முடிவு செய்கிறார்கள். "இப்போதைக்குப் பொறுத்திருப்போம்" என்று மருத்துவர் சொன்னால், அது கைவிட்டதாகாது.

கேவர்னோமாவின் நிலை வேறு. எளிதில் எட்டக்கூடிய இடத்திலிருக்கும் ஒரே திரள், மருந்துக்கு அடங்காத வலிப்பைத் தருமானால், அதனையும் சுற்றியுள்ள துருப்படிந்த திசுவையும் அகற்றிய பிறகு ஏறத்தாழ நால்வரில் மூவருக்கு வலிப்பு நின்றுவிடுகிறது. வலிப்புக்காக மூளையில் அறுவைச் சிகிச்சை என்பது நம் மக்களுக்குப் புதிதன்று. கனடாவில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி, 1949இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைச் சிகிச்சைத் துறையைத் தொடங்கி, 1952இல் அங்கே வலிப்புக்கான அறுவைச் சிகிச்சையைச் செய்தார்.

இனி, அன்றாட வாழ்க்கை. மாசாயில் வாழும் தம்பிக்கு இதுதான் மிகமுக்கியம். வலிப்பைத் தூண்டுவனவற்றுள் தலையாயவை இரண்டு: மாத்திரை தவறுவது, தூக்கம் கெடுவது. இரவும் பகலும் மாறிமாறி வரும் வேலை இரண்டையும் ஒருங்கே கெடுக்கிறது. காலையும் இரவும் உணவுக்குப் பின் என்று எழுதிக் கொடுத்தால், பகலில் உறங்கி இரவில் விழித்திருப்பவருக்குக் காலை எது, இரவு எது? ஆகவே சாப்பாட்டைக் கொண்டு கணக்கிடாமல் கடிகாரத்தைக் கொண்டு கணக்கிட வேண்டும். காலை எட்டு, இரவு எட்டு என்று வைத்துக்கொண்டால், எந்த ஷிப்டானாலும் நேரம் மாறாது. மருத்துவர் சான்று பெற்று, பகல் வேலைக்கு மாற்றித் தரும்படி மேலாளரிடம் கேட்பது இன்னும் நல்லது. ஓடும் இயந்திரம், உயரமான சாரம், கொதிகலன் ஆகியவற்றின் அருகே வேலை செய்யாதிருக்க வேண்டும்.

மறைத்து வேலை செய்வதால் என்ன கேடு என்பதைப் பாருங்கள். வேலை போய்விடுமோ என்று தம்பி அஞ்சுகிறார். அந்த அச்சம் வெறும் கற்பனையன்று. வேலை மறுக்கப்பட்டவர்கள் உண்டு. ஆனால் அருகில் நிற்பவருக்கு விவரம் தெரியாவிட்டால், வலிப்பு வரும்போது இயந்திரத்தை நிறுத்துவதற்கு ஆளிருக்காது. ஒரே ஒரு நம்பிக்கையான உடன்வேலையாளிடமாவது சொல்லிவைப்பது உயிர்காக்கும்.

மோட்டார் சைக்கிள் இல்லாமல் மாசாயில் எப்படி வாழ்வது என்று கேட்கலாம். கடினந்தான். ஆயினும் வலிப்பு அடங்கிவிட்டது என்று மருத்துவர் உறுதிசெய்து அனுமதிக்கும்வரை வண்டி ஓட்டவே கூடாது. கைப்பிடியைப் பிடித்திருக்கும் கை துடிக்கத் தொடங்கினால், அழிவது ஓர் உயிராக மட்டும் இராது. பேருந்தையோ உடன்வேலை செய்பவரின் காரையோ நாடலாம். தனியே நீந்துதல், குளியலறையை உட்புறம் தாழிட்டுக் குளித்தல் ஆகியவற்றையும் தவிர்க்க வேண்டும். மது வேண்டாம். தைப்பூச விரதம் போன்ற நோன்புகளை இருக்க விரும்புவோர் முன்னதாகவே மருத்துவரைக் கேட்டு, மாத்திரையை விடாமலும் உறக்கம் கெடாமலும் இருக்க வேண்டும். இரத்த அழுத்தத்தைக் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். பல் பிடுங்கப் போனாலும், காய்ச்சலுக்கு மருந்து வாங்கப் போனாலும், தலையில் நாளக் கோளாறு உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மாத்திரை தீர்ந்தபின் வாங்கப் போவதைவிட, ஒரு வாரத்திற்கு இருக்கும்போதே வாங்கிவிடுவது நல்ல பழக்கம். நம் நாட்டு அரசாங்கக் கிளினிக்குகளில் குடிமக்கள் ஒரு ரிங்கிட் செலுத்தி மருத்துவரைக் கண்டு மருந்தும் பெறலாம். பணமில்லை என்பதால் மாத்திரையை நிறுத்த வேண்டிய நிலை இங்கே பெரும்பாலோர்க்கு இல்லை. நிறுத்துவது பெரும்பாலும் வெட்கத்தாலும் சலிப்பாலுந்தான்.

அந்த வெட்கத்தைப் பற்றி ஒரு சொல். பெண் பார்க்கும்போது மறைத்துவிட்டு, மணமான பின் மனைவி காணாதபடி மாத்திரையை ஒளித்து விழுங்கி, ஒளிக்க இடமில்லாத நாளில் விழுங்காமல் விட்டு, விழுந்தவர்கள் உண்டு. வலிப்பு தொற்றுநோயன்று, பேய் பிடித்ததன்று, பைத்தியமுமன்று. அது மூளையின் ஓரிடத்தில் அமைந்துவிட்ட குழாய்க் குறை. அதனைச் சொல்லி மணம் பேசுவோம். சொன்னதால் தள்ளிப்போகும் சம்பந்தம், மறைத்து முடித்த சம்பந்தத்தைவிட மேலானது.

தம்பியின் கதைக்குத் திரும்புவோம். அவர் பகல் வேலைக்கு மாறினார் என்றும், இரவு எட்டு மணிக்கு அம்மாவே ஒரு கோப்பைத் தண்ணீரோடு மாத்திரையை எடுத்துத் தருகிறார் என்றும் வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கொருமுறை படம் எடுத்துப் பார்க்கிறார்கள். நாளக் கோளாறு அங்கேதான் இருக்கிறது. வலிப்பு மட்டும் வருவதில்லை. நோய் முழுதும் நீங்கவில்லையே என்று வருந்தலாம். ஆனால் இரண்டு கணக்குகளில் ஒன்று தம்பியின் கையில் இருக்கிறது. மற்றொன்றை மருத்துவர் கவனித்துக்கொண்டிருக்கிறார். அம்மா அந்தச் சாவிக் கொத்தை ஆணியில் மாட்டிவிட்டார். கதவைத் திறக்க மட்டும் அது பயன்படட்டும்.